ஒன்பது மணி மாத்திரை

என் வயிற்றின் வலது பக்கம், இடுப்பு எலும்புக்குச் சற்று உள்ளே, நைனாவின், அதாவது என் அப்பாவின், கிட்னி இருக்கிறது. அழுத்தினால் கையில் தட்டுப்படும். அது அங்கே வந்த ஐந்தாம் மாதம் அதை நான் இழக்கப் பார்த்தேன். குடித்தோ, கண்டதைத் தின்றோ, திரும்பக் கபடி ஆடப் போயோ அல்ல. ஒரு ஆளிடம் ‘வேண்டாம்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். இதை எழுத உட்காரும்போதே என் மேல் எனக்கு எரிச்சல் வருகிறது.

எங்கள் ஊர் ஆந்திர எல்லைக்குள், நாகலாபுரத்துக்கும் சத்தியவேட்டுக்கும் நடுவில் இருக்கிறது. வீட்டில் தமிழ், தாசில்தார் ஆபீஸில் தெலுங்கு, சம்பளச் சீட்டில் இங்கிலீஷ். நைனா பாதி வயது வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். பிறகு அரசாங்கம் கொடுத்த ஒரு ஏக்கர் பட்டா நிலத்தில் வேர்க்கடலை போட்டார். நாங்கள் வளர்ந்து ஆளாகும் நேரத்தில் சத்தியவேட்டுப் பக்கம் வரிசையாகக் கம்பெனிகள் வந்தன. பிழைப்புக்காக மெட்ராஸுக்கும் திருப்பூருக்கும் போன பையன்கள் மூட்டையோடு திரும்பி வந்தார்கள். விடியலில் வேன் வந்து ஊர் வாசலிலேயே ஏற்றிக்கொண்டு போயிற்று. என்னை இன்டர்வியூ செய்தவர் என் டிப்ளமா சர்டிபிகேட்டை ஒரு தடவையும் கபடி சர்டிபிகேட்டை மூன்று தடவையும் பார்த்தார். கம்பெனி டீமுக்கு ரைடர் தேவைப்பட்டிருக்கிறது.

ரைடர் என்றால் எதிர்ப்பக்கத்துக்குள் மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டு போய், தொட்டுவிட்டுத் திரும்புகிறவன். எங்கள் ஊர் டீமில் அது நான். கார்னரில் நின்று, வருகிறவனுடைய கணுக்காலைப் பிடிக்கிறவன் என் கூட்டாளி. பிடித்தால் முதலைப் பிடி. ஆனால் அவன் பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூடப் பாடிப் போனதில்லை, அத்தனை பேர் பார்க்கத் தனியாகப் போகக் கூச்சம் என்பான். அவன் பேரை எழுதினால் சண்டைக்கு வருவான், அதனால் கூட்டாளி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

எனக்கு இருபத்தாறு வயதில் கால் வீங்கியது. எங்கள் பக்கத்தில் காலில் எது வந்தாலும் முதலில் புத்தூர்தான். ஆட்டத்தில் எங்கேயோ பிசகிவிட்டது என்று நினைத்து, கூட்டாளி என்னைப் பைக்கில் வைத்து அங்கே அழைத்துப் போனான். கட்டுப் போடுகிற பெரியவர் கட்டை விரலால் கணுக்காலை அழுத்தினார். விழுந்த குழி நெடுநேரம் எழவில்லை. “இது எமுக காது நாயனா, நீரு. எலும்பு இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ” என்று கட்டாமலே அனுப்பிவிட்டார். அந்தக் கட்டை விரலுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

பிறகு எட்டு மாதம் திருப்பதியில் டயாலிசிஸ். வாரத்துக்கு இரண்டு நாள் போகும்போதும் பஸ், வரும்போதும் பஸ். அந்த எட்டு மாதத்தில் நான் பட்டது வலி இல்லை, தாகம். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் என்றால், ரேணிகுண்டாவில் பஸ் நிற்கும்போது இளநீர் வெட்டுகிற சத்தம் எப்படிக் கேட்கும் என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். செலவுக்கு என்ன செய்தோம் என்பது தனிக் கதை, அதை இங்கே இழுக்கவில்லை. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் நைனாவுக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்து ‘பொருந்துகிறது’ என்று சொன்னபோது அவர் டாக்டரம்மாவிடம் கேட்டது ஒரே கேள்வி. “கல்ல புடுங்கறதுக்குள்ள நான் எந்திரிச்சிருவனாம்மா?”

சித்திரையில் ஆபரேஷன் நடந்தது. கடலை பிடுங்கும் நேரத்துக்கு நைனா எழுந்து நின்றுவிட்டார். நான்தான் எழுந்திருக்கவில்லை. இரண்டு மாதம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ரூம் எடுத்து, முகத்தில் மாஸ்க்கோடு, ஸ்டீராய்டில் ஊதிய கன்னத்தோடு கிடந்தேன். ஊருக்கு அனுப்பும் நாளில் நர்ஸ் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். வந்திருக்கும் கிட்னி வெளி ஆள் என்று உடம்புக்குத் தெரிந்தால் அதை அடிக்கக் கிளம்பிவிடும், அது தெரியாதபடி உடம்பை அசத்தி வைக்கத்தான் மாத்திரை. காலை ஒன்பது, இரவு ஒன்பது. ஆயுசுக்கும். கூட்டத்தில் போகக் கூடாது, பச்சைத் தண்ணீர் கூடாது, வயிற்றில் அடிபடவே கூடாது. பழைய கிட்னி முதுகுப் பக்கம் விலா எலும்புக்கு அடியில் பத்திரமாக இருந்தது, இது முன்னால் வெறும் தோலுக்கு அடியில் இருக்கிறது, ஒரு முழங்கால் போதும் என்றார். கபடி முடிந்தது என்பதை அவர் அப்படித்தான் சொன்னார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டாளி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். ‘9 மணி. மாத்திரை. விடக்கூடாது’ என்று எழுதி, பேனா காகிதத்தைக் கிழிக்கும் அளவுக்கு அடிக்கோடு போட்டான்.

அவன் கம்பெனியில் லைன் லீடர். அங்கே சைரன் இல்லாமல் யாரும் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. அந்த ஒழுங்கை அப்படியே தூக்கி வந்து என் தலையில் போட்டான். டீக்கடைச் சுவரில் ஒரு சார்ட் ஒட்டினான். ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று கட்டம் போட்டு, எந்தச் செக்கப்புக்கு யார் என்னோடு மெட்ராஸுக்கு வருவது, யார் காய்ச்சிய தண்ணீர் கேனைத் தூக்குவது என்று எழுதியிருந்தது. டீமில் இருந்த பதினோரு பேரும் அதில் இருந்தார்கள். அது போதாதென்று, ஊரில் போன் வைத்திருந்த எல்லாருடைய போனிலும் ஒன்பது மணிக்கு அலாரம் வைத்தான். அவன் போனை வாங்கிக் குத்தும்போது யாரும் மறுக்கவில்லை. ஒரிசாவிலிருந்து வேலைக்கு வந்து எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்த நாலு பேரையும் விடவில்லை.

ஒன்பது மணி ஆனால் ஊர் முழுக்கக் கூவும். டீக்கடையில், களத்துமேட்டில், பஸ் ஸ்டாப்பில், ஆளுக்கொரு ராகத்தில். தெருவில் போகிறவர்கள் அப்படியே நின்று எங்கள் வீட்டைப் பார்த்து, “போட்டியாப்பா?” என்பார்கள். “போட்டாச்சு” என்று நான் உள்ளேயிருந்து கத்த வேண்டும். கத்தாவிட்டால் இன்னொரு தடவை கேட்பார்கள். ஒரு நாள் குளித்துக்கொண்டிருந்தேன், பதில் வரவில்லை என்று மூன்று பேர் கதவைத் தட்டிவிட்டார்கள்.

பார்க்க வருகிறவர்கள் கிட்டே வரக் கூடாது என்பதற்கு அவன் கண்டுபிடித்த வழிதான் பெரிய வேடிக்கை. கபடி மைதானத்துக்குப் போடுகிற சுண்ணாம்பு மாவை எடுத்து வந்து, எங்கள் வாசலிலிருந்து எட்டு அடி தள்ளித் தெருவுக்குக் குறுக்கே கோடு போட்டான். வந்தவர்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று சத்தமாக நலம் விசாரித்தார்கள். யாராவது மறந்துபோய்க் காலை உள்ளே வைத்தால் சின்னப் பிள்ளைகள் “அவுட்டு!” என்று கத்தும். மழையில் கோடு அழிந்தால் மறுநாள் காலையில் புதுக்கோடு இருக்கும்.

இத்தனை பேருடைய அன்பு சும்மா வருமா. எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரமாட்டார்கள், கொடுத்ததை அவர்கள் கண் முன்னால் ஒரு வாயாவது சாப்பிடாமல் இருந்தால் அவமானப்படுத்தியது போல. தெலுங்கில் மொகமாட்டம் என்று ஒரு வார்த்தை உண்டு, எங்கள் ஊர்த் தமிழிலும் அதுதான். ஒருத்தர் முகத்துக்கு எதிரே மறுக்க முடியாமல் தவிப்பது. எனக்கு அது கொஞ்சம் அதிகம். நூற்று இரண்டு டிகிரி காய்ச்சலோடு, கேப்டன் கேட்டான் என்பதற்காக நாகலாபுரத்தில் போய் மேட்ச் ஆடியவன் நான். மைதானத்தில் எனக்குக் கோபக்காரன் என்று பேர். ரெப்ரியோடு சண்டை போடுவேன், எதிர் டீமோடு சண்டை போடுவேன். சொந்தக்காரன் ஒரு டம்ளரை நீட்டினால் மட்டும் பூனைக்குட்டி ஆகிவிடுவேன்.

பக்கத்துத் தெரு அத்தை ஒருத்தி வாழைத்தண்டை இடித்துச் சாறு எடுத்துக்கொண்டு வந்தாள். கிட்னிக்கு நல்லதாம். டாக்டரைக் கேட்காமல் எந்தச் சாறும் குடிக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. அவள் கோட்டுக்கு வெளியே வெயிலில் நின்று, நான் குடிப்பதைப் பார்க்கக் காத்திருந்தாள். பாதி டம்ளர் குடித்தேன். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் எனக்குப் புத்தியும் வரவில்லை.

ஆவணி மாதம் அந்தச் செக்கப் வந்தது. இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்கிற நாளில் மட்டும், ரத்தம் எடுத்த பிறகுதான் காலை மாத்திரையைப் போட வேண்டும். முன்னாடியே போட்டுவிட்டால் ரத்தத்தில் மருந்து அதிகமாகத் தெரியும், டாக்டர் அளவைக் குறைத்துவிடுவார். இதை முதல் செக்கப்பின்போது எனக்குச் சொன்னார்கள். எப்போதும் எட்டரைக்கே ரத்தம் கொடுத்துவிட்டு, ஒன்பதுக்கு மாத்திரை போட்டுவிடுவேன், அதனால் இந்த விதி வேறு யார் காதிலும் விழவே இல்லை. கூட்டாளியின் நோட்டில் அது கிடையாது. அதுவரை எல்லாருக்கும் டியூட்டி போட்டுக் கொடுத்தவன், தன் ஷிப்ட் ஒத்துவராமல் ஒரு செக்கப்புக்குக்கூட என்னோடு வந்ததில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவை. சி ஷிப்ட் முடித்து, தூங்காமல், யூனிபாரத்தைக்கூட மாற்றாமல் நேராகப் பஸ்ஸுக்கு வந்திருந்தான்.

செங்குன்றத்துக்கு முன்னால் ஒரு லாரி குறுக்கே சாய்ந்து கிடந்தது. பஸ் நின்றது. எட்டரை ஆயிற்று, எட்டே முக்கால் ஆயிற்று. டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கிப் பீடி பற்ற வைத்தார். ஒன்பது மணிக்கு அவன் பாக்கெட்டில் அலாரம் அடித்தது. என் பையைத் திறந்து மாத்திரை டப்பாவையும் தண்ணீர்ப் பாட்டிலையும் எடுத்தான்.

“இந்தா, துன்னு.”

“இல்லடா, ரத்தம் குடுத்துட்டு…”

“இன்னாடா ரத்தம்? ஒம்போது ஆயிப்போச்சி. ரெண்டு மாசமா ஒரு நாளு தப்பல. நான் வந்த அன்னிக்கு லேட்டாச்சின்னு ஊருக்குப் போயி எப்டிடா சொல்லுவேன்?”

அவன் கண் இரண்டும் மிளகாய்ப்பழம் போல இருந்தது. உள்ளங்கையில் மாத்திரைகளை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா திரும்பி, “பாசமா குடுக்கறாரு இல்ல, போட்டுக்கோ தம்பி” என்றாள். எனக்கு விதி தெரியும். இரண்டே வாக்கியத்தில் அவனுக்கு விளக்கியிருக்கலாம். ஆனால் ஒரு ராத்திரித் தூக்கத்தை விட்டு வந்தவனிடம், நீ செய்கிறது தப்பு என்று எப்படிச் சொல்வது? வாங்கி விழுங்கினேன். அவன் திருப்தியாகப் பாட்டிலை மூடி வைத்துவிட்டு, அடுத்த நிமிடமே என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான்.

பத்தே காலுக்கு லேபில், ஊசியைப் பிரித்துக்கொண்டே அந்தப் பெண் கேட்டாள்: “காலை மாத்திரை போடலைதானே?”

அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். போட்டேன் என்றால் நாளைக்கு வாருங்கள் என்பாள். வந்ததே வீண் என்று அவனுக்குத் தெரிந்துபோகும். “போடலை” என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா அந்த வார்த்தை.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. மருந்து ரத்தத்தில் மிக அதிகமாக இருக்கிறது, பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். குறைத்துக்கொண்டேன். அடுத்த டெஸ்ட் ஒரு மாதம் கழித்துத்தானே, அதில் சரியாகத் தெரிந்துவிடும், டாக்டரே பார்த்துக் கூட்டிவிடுவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காலையில் அலாரம் அடிக்கும், தெருவில் கேட்பார்கள், “போட்டாச்சு” என்று கத்துவேன். பாதி அளவுதான் போட்டிருக்கிறேன் என்று எனக்கு மட்டும் தெரியும்.

மூன்றாவது வாரம் நைனாதான் கண்டுபிடித்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். என் பாதத்தில் செருப்பு வார் பதிந்த தடம் அப்படியே இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “காலு ஊதிக்கினு கீதுடா” என்றார். எட்டு மாத டயாலிசிஸும் அந்த ஒரு நிமிடத்தில் என் கண் முன்னால் திரும்பி வந்தது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் இருந்தோம். நான், நைனா, கூப்பிடாமலே லீவு போட்டுவிட்டு வந்த கூட்டாளி. ஒன்று புள்ளி ஒன்றாக இருந்த கிரியேட்டினின் இரண்டு புள்ளி ஆறு. கிட்னி கெடக் கெட ஏறுகிற எண் அது. டாக்டர் பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினார். நிதானமான பெண்மணி, குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

“போன தடவை ரத்தத்துல மருந்து லெவல் ரொம்ப அதிகமா இருந்திருக்கு. அன்னைக்கு மாத்திரை போட்டுட்டு ரத்தம் கொடுத்தீங்களா?”

எனக்குப் பின்னால் கூட்டாளி மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. “இல்ல டாக்டர்” என்றேன்.

அவர் ரிப்போர்ட்டுகளை மூடினார். “அப்படின்னா மருந்து போதுமான அளவு இருந்தும் உங்க உடம்பு இந்தக் கிட்னியை எதிர்க்க ஆரம்பிச்சிருக்கு. இன்னைக்கு எடுத்த லெவல் வர நாளைக்கு ஆகும், அதுவரைக்கும் காத்திருக்க முடியாது. பலமான மருந்து ஒண்ணு போட வேண்டியிருக்கும். அதுல உடம்போட எதிர்ப்புச் சக்தி மொத்தமும் போயிடும், இன்பெக்ஷன் வந்தா ஆபத்து. வீட்டுக்காரங்க கையெழுத்து வேணும்.”

காகிதம் நைனாவிடம் வந்தது. அவர் ராத்திரிப் பள்ளியில் கற்றுக்கொண்டவர், தெலுங்கில் ஒவ்வொரு எழுத்தாகத்தான் கையெழுத்துப் போடுவார். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, “இத்தப் போட்டா புள்ளைக்கு வேற ஏதனா ஆவுமாம்மா?” என்று கேட்டார்.

“ஆகலாம். போடலைன்னா கிட்னி போயிடலாம்.”

நைனா தலையாட்டினார். காகிதத்தை மேசையில் நேராக வைத்து, ஒரு கையால் அழுத்திக்கொண்டு குனிந்தார். முதல் எழுத்தின் வளைவு பாதி வந்திருந்தது. நான் சொல்லவேண்டிய ஒரு வார்த்தையைச் சொல்லாததற்கு இந்த மனுஷன் தன் மகன் உயிரை வைத்துக் கையெழுத்துப் போடுகிறார்.

“போடாத நைனா” என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் டாக்டரைப் பார்த்துச் சொன்னேன். “அன்னைக்கு மாத்திரை போட்டுட்டுத்தான் ரத்தம் கொடுத்தேன் டாக்டர். ஒரு மணி நேரம் முன்னாடி.”

“லேப்ல கேட்டிருப்பாங்களே?”

“கேட்டாங்க. போடலைன்னு சொல்லிட்டேன்.”

“ஏன்?”

இருந்த பதில் ஒன்றுதான். “இவன் தூங்காம வந்திருந்தான் டாக்டர்.”

அவர் என்னை எப்படிப் பார்த்தார் என்பதை எழுத எனக்குத் தெரியவில்லை. கூட்டாளிக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. “நான்தான் மேடம் குடுத்தேன். எனக்குத் தெரியாது மேடம், சத்தியமா தெரியாது” என்று சொல்லிக்கொண்டே சுவரோரம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டான். எத்தனையோ பேரை மடக்கிப் பிடித்த அந்தக் கை இரண்டும் அவன் முகத்தை மூடியிருந்தது. டாக்டர் நைனாவிடமிருந்து காகிதத்தை வாங்கிக்கொண்டார். “அளவைக் குறைச்சதாலதான் வந்திருக்கணும். அப்போ இதுக்கு வேற வழி இருக்கு” என்றார்.

பயாப்ஸியும் அதையே சொன்னது. மூன்று நாள் ஊசி போட்டார்கள், மருந்தைப் பழைய அளவுக்கு ஏற்றினார்கள். கிரியேட்டினின் மெல்ல இறங்கி ஒன்று புள்ளி நாலில் நின்றது. பழைய ஒன்று புள்ளி ஒன்றுக்கு அது திரும்பவே இல்லை, இன்றைக்கும் ஒன்று புள்ளி நாலுதான்.

நாலாம் நாள் வார்டில் நைனா சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். “உன்னுத கெடுக்கப் பாத்தேன் நைனா” என்றேன். அவர் கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காகிதத்தில் வைத்தார்.

“என்னுது எங்கடா கீது? குடுத்தாச்சி. அது உன்னுது. உன்னுதுன்னு நெனச்சிருந்தா அன்னிக்கே வாயத் தொறந்திருப்ப.”

அவ்வளவுதான் சொன்னார். சுளையை என் கையில் வைத்துவிட்டு, கடலைக்கு மழை வந்ததா என்று ஊருக்குப் போன் போடச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது, மாஸ்க் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

ஊருக்குத் திரும்பியபோது டீக்கடைச் சுவரில் சார்ட் இல்லை. கூட்டாளி எனக்கு முன்பே ஊருக்கு வந்து, நடந்ததை முழுக்கத் தன் தலையில் போட்டுச் சொல்லிவிட்டு, அதைக் கிழித்திருந்தான். நான் பொய் சொன்னதை அவன் சொல்லவே இல்லை. ஊர் பயந்துபோயிற்று. நாம் நல்லது என்று செய்வது அவனைக் கொன்றுவிடும் போலிருக்கிறது என்று ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். அலாரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. வாசல் கோடு மழையில் கரைந்தது, புதுக்கோடு வரவில்லை. சாறு கொண்டு வந்த அத்தை என்னைப் பார்த்தால் முந்தானையை இழுத்துக்கொண்டு வேறு பக்கம் போனாள். செக்கப்புக்கு நானும் நைனாவும் தனியாகப் போய் வந்தோம்.

இத்தனை நாள் அவர்கள் தொல்லை தாங்கவில்லை என்று அம்மாவிடம் முனகியவன் நான். இப்போது காலை ஒன்பது மணிக்கு யாராவது ஒருத்தர் கேட்கமாட்டார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னேன், கிட்னி பிழைத்தது, ஆள்கள் போய்விட்டார்கள். கூட்டாளி மூன்று மாதம் என் கண்ணில் படவில்லை. ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு, நான் எழுவதற்கு முன்னால் வேனில் போய்விடுவான். முதலில் வருத்தமாக இருந்தது, பிறகு எனக்குக் கோபம் வந்தது. வந்து நாலு திட்டாவது திட்டிவிட்டுப் போகக் கூடாதா.

பொங்கலுக்கு மறுநாள் எங்கள் ஊரில் கபடிப் போட்டி நடக்கும். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து டீம்கள் வரும். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மாஸ்க் போட்டு, கூட்டத்துக்கு ஒதுங்கி ஒரு வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நைனாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் ஆட்டம் தொடங்குகிற நேரத்தில் மைக்கில் என் பேரைச் சொன்னார்கள். நம் ஊர்ச் சிங்கம் எமனையே தொட்டுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது, இன்றைக்கு முதல் ரைடை அவர்தான் போய்த் தொடங்கி வைப்பார் என்றார்கள். எனக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து கூட்டாளி நடந்து வந்தான். கையில் என் பழைய ஜெர்சி, துவைத்து இஸ்திரி போட்டு மடித்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். “அந்த டீம் கைல பேசிட்டன்டா. ஒருத்தனும் தொடமாட்டான். சும்மா கோட்டத் தாண்டி ஒரு பாட்டு, திரும்பி வந்துரு. நான் பக்கத்துலயே கீறேன்.”

அவன் எத்தனை நாளாக இதை யோசித்து வைத்திருப்பான் என்று அந்த மடிப்பைப் பார்த்தாலே தெரிந்தது. போகவேண்டும் என்று எனக்கும் ஆசை. உள்ளங்காலில் மண் பட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. அவனை மறுபடி இழக்கவும் எனக்கு மனசில்லை. இந்த ஜெர்சியை வாங்கிக்கொண்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஆனால் கபடி மைதானத்தில், ஓடுகிற ஆளைப் பார்த்ததும் பிடிக்கப் பாயாமல் எவன் நிற்பான்? வாக்குக் கொடுத்தவனுக்கே அந்த நேரத்தில் வாக்கு மறந்துபோகும்.

நைனா என் பக்கம் திரும்பவே இல்லை. நேராக மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாட்டேன்டா” என்றேன்.

“சும்மா ஒரு தடவ…”

“மாட்டேன். ஒரு தடவயும் மாட்டேன்.”

கைதட்டல் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. மைக்கில் மறுபடி என் பேரைச் சொன்னார்கள். யாரோ “பயந்துட்டான்பா” என்று சிரித்தார்கள். எனக்குக் காது சூடாயிற்று, ஆனால் நாற்காலியை விட்டு எழவில்லை. கூட்டாளி ஜெர்சியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான். அவன் முகம் சுருங்கியது. போய்விடப் போகிறான் என்று நினைத்தேன். அவன் குனிந்து ஜெர்சியைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். பிறகு அதை உதறித் தன் தலை வழியாகவே மாட்டிக்கொண்டான். அவன் உடம்புக்கு அது பத்தவில்லை, தொப்புள் தெரிந்தது.

பிறந்ததிலிருந்து பாடிப் போகாதவன் போனான். கூச்சத்தில் பாட்டு வாயிலிருந்து வெளியே வரவில்லை, கோட்டைத் தாண்டி இரண்டு அடி வைப்பதற்குள் நாலு பேர் மேலே விழுந்து அமுக்கிவிட்டார்கள். தொடமாட்டோம் என்று சொன்ன அதே நாலு பேர். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நைனாகூடச் சிரித்தார்.

அவன் எழுந்து, தலையெல்லாம் மண்ணோடு நொண்டிக்கொண்டு வந்து, என் நாற்காலியிலிருந்து நாலு அடி தள்ளித் தரையில் உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஆட்டத்தைப் பார்த்தோம்.

“கோவமாடா?” என்று கேட்டேன்.

“ஆமா. ஊரு முன்னால மூக்க அறுத்துட்டியே.” முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான். “அன்னிக்குப் பஸ்ஸுல நீ இப்டிச் சொல்லி இருந்தா அன்னிக்கும் கோவந்தான் வந்திருக்கும்.”

“எவ்ளோ நேரம் கோவமா இருந்திருப்ப?”

அவன் நிஜமாகவே யோசித்துப் பார்த்தான்.

“அஞ்சி நிமிசம்” என்றான். “அப்புறம் தூங்கியிருப்பேன்.”